தொண்டை ஆபரேஷன் என்று சொன்னோம்

என் மகனுக்கு ஒரு விரை கீழே இறங்கவில்லை. ஒரு வயதையொட்டிச் சரிசெய்துவிடுங்கள் என்று தடுப்பூசி போட்ட நர்ஸம்மா அன்றைக்கே சொன்னார். தள்ளித் தள்ளி மூன்று வயதாகிவிட்டது. இனியும் தள்ளினால் விரை கெட்டுப்போகும் என்று தர்மபுரி டாக்டர் கடிந்துகொண்ட பிறகுதான் வீட்டுக்காரர் தலையாட்டினார். அதற்கும் ஒரு நிபந்தனை. சொந்தக்காரர்களிடம் தொண்டையில் சதை என்றுதான் சொல்ல வேண்டுமாம். நாளைக்கு இவனுக்குப் பெண் கேட்டுப் போகும்போது யாராவது வாயைத் திறந்துவிடுவார்களாம். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கல்யாணக் கவலை! வாதாட எனக்குத் தெம்பில்லை.

ஆபரேஷனுக்கு முன் பச்சைத் தண்ணீர்கூடத் தரக் கூடாது என்றார்கள். விடிந்ததிலிருந்து பாலுக்கு அழுதான். தோளில் போட்டு வராந்தாவில் நடந்து நடந்து என் இடுப்பு விட்டுப்போயிற்று. பொம்மிடியிலிருந்து பஸ் பிடித்து வந்த நாத்தனார், "போய் மூஞ்சி கழுவிட்டு வா கண்ணு, நான் வெச்சிக்கிறேன்" என்று பிள்ளையை வாங்கிக்கொண்டார். வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா. தங்கமான மனுஷி.

திரும்பி வந்தால் பிள்ளை வாயெல்லாம் ஐஸ்கிரீம்.

"தொண்டை ஆபரேஷன்னா ஐஸ்கிரீம் குடுப்பாங்க இல்ல? பசியில கத்துறான், பாவம்."

மயக்க மருந்து டாக்டர் கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாயில் ஏறினால் உயிருக்கே ஆபத்து, இன்றைக்கு முடியாது என்றார். அடுத்த தேதி ஒரு மாதம் கழித்துத்தான்.

படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அழக்கூட அலுப்பாக இருந்தது. யார்மேல் கோபப்படுவது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது நாங்கள். சோறு ஊட்டியவர்மேல் என்ன குற்றம்?

"தொண்டை இல்லைங்க அண்ணி. அவனுக்கு ஒரு விரை மேலயே நின்னுபோச்சு. வெளிய சொல்லக் கூடாதுன்னு உங்க தம்பிதான்..."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முந்தானையால் பிள்ளையின் வாயைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"எத்தினி வயசுக்குள்ள பண்ணணுமாம்?"

"ஒரு வயசுலயே பண்ணணுமாங்க. இவனுக்கே லேட்டுன்னு டாக்டர் திட்டினாரு."

அவர் யாரும் பக்கத்தில் இல்லையே என்று பார்த்துக்கொண்டார்.

"எங்க பெரியவனுக்கும் இப்படித்தான் கண்ணு. வூட்ல யாருக்கும் தெரியாது. தானா எறங்கிடும்னு இருந்துட்டேன்" என்றார். "இப்ப பத்தாவது படிக்கிறான்."