ஏழு பெட்டிக்கு ஏழு கடிதம்

இருபத்தாறு வருடம் பாடசாலையில் குடியியல் படிப்பித்தவன் நான். வருடத்தில் ஒரு பாடத்துக்கு மட்டும் நாலு நிறத்தில் சோக்குக்கட்டி கொண்டுபோவேன். நாட்டின் பாதுகாப்பு அமைச்சு எப்படி இயங்குகிறது என்ற பாடம் அது. கரும்பலகையின் உச்சியில் ஒரு பெட்டி, அதற்குள் முப்படைகளுக்கும் தலைவரான ஜனாதிபதி. அதன் கீழே அமைச்சின் செயலாளர். அவருக்குக் கீழே மூன்று படைகளையும் ஒருங்கிணைக்கும் பிரதானி. பிறகு தரை, கடல், வான் என்று மூன்று தளபதிகள் பக்கம் பக்கமாக. தரைப்படைத் தளபதிக்குக் கீழே மாகாணத் தலைமையகம், படைப்பிரிவு, பிரிகேட், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்ன முகாம். பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி போடுவேன். கட்டளை மேலிருந்து படிப்படியாக இறங்கும், அறிக்கை கீழிருந்து படிப்படியாக ஏறும், நடுவில் யாரும் படி தாண்டக்கூடாது. பிள்ளைகள் இதை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். என் சொந்த விஷயம் என்று வந்தபோது மறந்துபோனவன் நான் ஒருவன்தான்.

விஷயம் ஒரு காவலரண். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வெறுங்காணியாகக் கிடந்த வளவில், ரோட்டோரமாக, சண்டைக் காலத்தில் இராணுவம் கட்டியது. மண் நிரப்பிய பீப்பாய்கள், தென்னங்குற்றிகள், மேலே துருப்பிடித்த தகரம். ஊரார் அதைச் சென்றி என்பார்கள். சண்டை முடிந்து, காவலுக்கு நின்ற பொடியன்மார் முகாமுக்குத் திரும்பிப் பல வருடமாயிற்று. உள்ளே பிரவேசிக்கத் தடை என்று மும்மொழியில் எழுதிய பலகை மட்டும் நின்றது. என் மனைவியின் கோழிகள் மும்மொழியும் தெரியாதவை. தினமும் உள்ளே பிரவேசித்து முட்டையிட்டுவிட்டு வந்தன.

அது அங்கே கிடப்பதில் எனக்கு ஒரு குறையுமில்லை, மகளுக்குச் சம்பந்தம் பேசும்வரை. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். நானும் அப்படி ஒரு சூட்கேசும் ஒரு சைக்கிளுமாக வந்து சேர்ந்தவன்தான். மகளுக்கென்று இருந்தது அந்தப் பக்கத்து வளவு. மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை, நல்ல பிள்ளை. அடுத்த நோன்புக்கு முன்னால் லீவில் வருவார், வந்ததும் கலியாணம் என்று பேச்சு. அதற்குள் வீடு எழும்ப வேண்டும். மாரி மழைக்கு முன்னே அத்திவாரம் போட்டால்தான் அது நடக்கும். கூட்டிவந்து இடத்தைக் காட்டினால் மேசன் பலகையைப் பார்த்துவிட்டுச் சாந்துக் கரண்டியைப் பைக்குள் வைத்துவிட்டார்.

"சேர், இது ஆமிட சாமான். நான் கை வைக்க மாட்டன். பீப்பாயில ஒண்டத் தட்டி, அது என்னத்தயோ தட்டி, மறுகா என்ட பிள்ளயளுக்கு ஆரு பதில் சொல்லுற?"

மாப்பிள்ளையின் உம்மா வந்து வளவைப் பார்த்தா. சென்றியைச் சுற்றி ஒரு நடை நடந்தா. பிறகு என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னா. "ராத்தா, எங்களுக்கு அவசரமில்ல. ஆனா வேற ஒரு இடத்தாலயும் கேட்டு வந்திரிக்காங்க. அங்க வீட்டுக்கு டைல்ஸும் போட்டு முடிஞ்சிதாம்."

டைல்ஸ் என்ற அந்தச் சொல் என்னைச் சுட்டுவிட்டது. அன்று மகள் சோறு தின்னவில்லை. அவள் தன் கையால் ஒரு வீட்டுப் படம் கீறி வைத்திருந்தாள். சென்றிக்காரன் ரோட்டைப் பார்க்கிற ஓட்டை இருக்கிறதல்லவா, சரியாக அந்த இடத்தில் அவள் குசினி ஜன்னலை வைத்திருந்தாள். கடல் காத்து நேரே வரும், வாற போற ஆக்களையும் பார்க்கலாம் என்று எனக்கு விளங்கப்படுத்தினாள். அந்தப் படத்தை மடித்து அல்மாரிக்குள் வைப்பதைக் கண்டேன். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. மேசையில் போய் உட்கார்ந்தேன்.

மனைவி வாசலில் நின்று கேட்டா. "இஞ்ச பாருங்க, என்ன எழுதப் போறீங்க?"

"இத எங்க எழுதினா எங்க அசையும் எண்டு எனக்குத் தெரியும். இருபத்தாறு வருசம் படிப்பிச்சவன்."

"வளவு என்ட பேரில இரிக்கி."

"எனக்குத் தெரியாதா அது" என்றேன். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. எங்கள் ஊரில் வீடும் வளவும் பெண்களுக்கு. அதைப்பற்றிக் கந்தோருக்குக் கடிதம் எழுதுவது மட்டும் ஆண்களுக்கு. ஏன் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. என் வாப்பாவும் யோசித்ததில்லை.

முகாம் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். அங்கே எழுதுவது எனக்குக் கேவலமாக இருந்தது. அட, பலகையில் கடைசிப் பெட்டி அது, அதற்கு மிஞ்சிக் கீழே பலகையே இல்லை. அதனால் மேலே உள்ள ஏழு பெட்டிக்கும் ஏழு கடிதம் எழுதினேன். ஜனாதிபதிக்கு ஒன்று, செயலாளருக்கு ஒன்று, பிரதானிக்கு ஒன்று, அப்படியே பிரிகேட் வரைக்கும். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் 'பிரதிகள்' என்று போட்டு மற்ற ஆறு பேரின் பதவியையும் எழுதினேன். 'எனது வளவில் அமைந்துள்ள காவலரணை அகற்றித் தருமாறு தாழ்மையுடன்' என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். காணி உறுதிப் பத்திரத்தின் போட்டோப் பிரதியையும் ஏழிலும் குத்தினேன். திருப்பித் திருப்பி வாசித்து நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

தபால் கந்தோரில் இருந்த பிள்ளை என்னிடம் படித்தவள். ஏழு பதிவுத் தபாலையும் விலாசம் விலாசமாகப் பார்த்தாள்.

"சேர், எங்கயும் சண்டை தொடங்கப் போறீங்களா?"

"நீ முத்திரைய ஒட்டு மகள்" என்றேன்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மாதம் போயிற்று, இரண்டு போயிற்று. தபால்காரரின் மணிச் சத்தத்துக்கு வெளியே ஓடி ஓடி எனக்குக் காலில் நரம்பு பிடித்தது. பள்ளிவாசல் வாசலில் என்னைக் கண்டால் கூட்டாளிமார் விசாரித்தார்கள். "கொழும்பால ஏதும் வந்திச்சா?" இதுதான் அரசாங்கம், இப்படித்தான் எல்லாவற்றையும் கிடப்பில் போடுவார்கள் என்று நான் வாய் ஓயாமல் திட்டினேன். கேட்டவர்களும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். ஊரில் அரசாங்கத்தைத் திட்டினால் எதிர்த்துக் கதைக்க ஒருவரும் வருவதில்லை. மாப்பிள்ளையின் உம்மா போனில் கோல் எடுப்பது குறைந்தது. மகள் எதுவும் கேட்பதில்லை. அவள் கேட்காமலிருப்பதுதான் எனக்குப் பெரிய கரைச்சலாக இருந்தது.

ஒருநாள் அசர் தொழுதுவிட்டு வந்தால் வாசலில் ஜீப் நிற்கிறது. மகளின் வயதுதான் இருக்கும், முகாமின் கப்டன் இறங்கினார். கையில் ஒரு கட்டு கோப்பு. தெற்குப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, தமிழைப் பாடநெறியில் படித்தவராம், அதனால் நாங்கள் யாரும் கதைக்காத சுத்தத் தமிழில் கதைத்தார்.

"ஐயா, இவை எல்லாம் உங்களுடைய கடிதங்கள். ஏழு. ஏழும் என்னிடம் வந்துவிட்டன."

மேசையில் பரப்பினார். ஜனாதிபதிக்குப் போனது செயலாளருக்கு இறங்கி, அங்கிருந்து பிரதானிக்கு இறங்கி, தளபதிக்கு, மாகாணத்துக்கு, படைப்பிரிவுக்கு, பிரிகேட்டுக்கு என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு முகப்புக் கடிதத்தைச் சேர்த்துக்கொண்டு முகாமுக்கு வந்திருந்தது. செயலாளருக்குப் போனதும் அதே வழியால். பிரதானிக்குப் போனதும் அதே வழியால். எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான். முகாம் பொறுப்பதிகாரி பார்த்து அறிக்கை தரவும்.

"ஐயா முதலில் எனக்கு எழுதியிருந்தால் நான் அடுத்த நாளே வந்திருப்பேன்" என்றார். "இப்போது ஏழு அறிக்கை எழுத வேண்டும். ஒவ்வொன்றும் படிப்படியாக மேலே போக வேண்டும். ஒரு கோப்பைத் திறந்தால் மற்றக் கோப்பு முடியும்வரை பொறுக்கவும் என்று மேலிடத்திலிருந்து எழுதுகிறார்கள்."

எனக்கு என் கரும்பலகை ஞாபகம் வந்தது. அம்புக்குறி போட்ட கையே இந்தக் கை. ரெண்டு மாதமாக நான் திட்டிய அரசாங்கம் நான் படிப்பித்தபடியே, ஒரு படி தவறாமல், ஒழுங்காக நடந்திருக்கிறது.

"இன்னும் ஒரு பிரச்சினை" என்றார் கப்டன். உறுதிப் பிரதியை எடுத்து விரலை வைத்தார். "ஐயா 'எனது வளவு' என்று எழுதியிருக்கிறீர்கள். உறுதியில் ஐயாவின் பெயர் இல்லை. இது ஐயாவின் காணி அல்ல."

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "அதத்தானே நான் முதல் நாளே சொன்னன்."

கப்டன் மரியாதைக்குச் சிரிப்பை அடக்கினார். மகள் அடக்கவில்லை. இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்த சிரிப்பு அது, அதனால் எனக்கு ரோசம் வரவேண்டிய இடத்தில் ரோசம் வரவில்லை.

ஏழு கோப்பையும் மூட வழி ஒன்றுதான் இருந்தது. கோரிக்கையை வாபஸ் வாங்குகிறேன் என்று நான் ஏழு பேருக்கும் எழுத வேண்டும். எழுதினேன். ஒன்றரைப் பக்கமில்லை, ரெண்டே வரி. தபால் கந்தோரில் அதே பிள்ளை ஏழு விலாசத்தையும் மறுபடி பார்த்தாள்.

"என்ன சேர், சமாதானமா?"

ஓம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

புதுக் கடிதத்தை மனைவி எழுதினா. என்னை மேசைக்குக் கிட்ட விடவில்லை. கொப்பித் தாள் ஒன்றில், தமிழில், முகாமின் கப்டனுக்கு. 'இந்த வளவு என்னுடையது. என் உம்மா எனக்குத் தந்தா. நான் என் மகளுக்குக் கொடுக்க வேண்டும். மாரிக்கு முன்னர் அத்திவாரம் வெட்ட வேண்டும். உங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டால் உதவியாக இருக்கும். கோழிகளுக்கு வேறு இடம் பார்த்துவிட்டேன்.' தாழ்மையுடன் என்ற சொல்லே அதில் இல்லை. நான் கோழி வரியை வெட்டச் சொன்னேன். அவ வெட்டவில்லை. மகள் நடந்துபோய் முகாம் வாசலில் கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்த ஒற்றைத் தாள் கப்டனின் சிபாரிசோடு பிரிகேட்டுக்கு ஏறி, அங்கிருந்து படைப்பிரிவுக்கு ஏறி, ஏற வேண்டிய இடம்வரை ஏறி, வந்த வழியே அனுமதியாக இறங்கியது. ஐந்து வாரம். ஐப்பசி பிறந்து மேகம் கறுக்கத் தொடங்கியிருந்தது. நான் ஒவ்வொரு நாளும் வானத்தையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரு காலையில் லொறியில் பத்துப் பேர் வந்தார்கள். முக்கால் மணித்தியாலத்தில் பீப்பாய், குற்றி, தகரம், மும்மொழிப் பலகை எல்லாம் லொறியில் ஏறிவிட்டன. மனைவி எல்லாருக்கும் பிளேன்டீயும் தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதலும் கொடுத்தா. இடம் வெட்டையாகக் கிடந்தது, நடுவில் மூன்று முட்டை.

காணியைக் கையளிக்கும் பத்திரத்தைக் கப்டன் நீட்டினார். பழக்கதோஷத்தில் நான் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தேன். அவர் பத்திரத்தை என்னைத் தாண்டி மனைவியிடம் கொண்டுபோனார். அவ முந்தானையைத் தலைக்கு இழுத்துச் சரிசெய்துவிட்டு, என் பேனையை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினா. கப்டன் நிமிர்ந்து நின்று அவவுக்கு ஒரு சல்யூட் அடித்தார். பின்னால் பத்துப் பேரும் அடித்தார்கள். பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவன் கோப்பையோடு அடித்தான். என் மனைவிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "நல்லா இரிங்க மகன்" என்றா. முப்பது வருடத்துக்கு மேலாக இந்த வீட்டில் இருக்கிறேன், இந்த வீடு யாருடையது என்பதை ஒரு அந்நியப் பிள்ளை வந்துதான் எனக்குக் காட்ட வேண்டியிருந்தது.

அத்திவாரம் வெட்டி நாலாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஆனாலும் வேலை நின்று நின்று நடந்தது. மாப்பிள்ளையின் உம்மா குடையோடு வந்து பார்த்தா. டைல்ஸ் போட்ட வீட்டைப் பற்றிப் பிறகு பேச்சில்லை. உறுதியும் மகளின் பெயருக்கு மாறியது. மாப்பிள்ளை வந்து கலியாணம் முடிந்தபோது ஒரு அறையும் குசினியும்தான் பூச்சுப் பார்த்திருந்தன. மற்றதெல்லாம் வெறும் சுவர். ஆனால் ஜன்னல் இருந்தது, மகள் கீறிய அதே இடத்தில்.

கலியாணம் முடித்து மூன்றாம் நாள், மருமகன் மேசனையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். பணிவான பிள்ளை.

"மாமா, வாசல் கேட்ட ரோட்டுப் பக்கம் வைப்பமா, உங்கட வீட்டுப் பக்கம் வைப்பமா? நீங்கதான் சொல்ல வேணும்."

எழும்பி நின்று ஒரு முடிவு சொல்ல எனக்கு ஆசைதான். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் குசினி ஜன்னலில் மகளின் முகம் தெரிந்தது. வாற போற ஆக்களைப் பார்ப்பதற்கென்று அவள் வைத்த ஜன்னல். எங்கள் இரண்டு பேரையும்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மருமகன்" என்றேன், "நானும் ஒரு சூட்கேசோட வந்த ஆள்தான். நீங்களும் நானும் ஒரே பெட்டி. அந்தா ஜன்னல்ல நிக்கிறா, அவட்டக் கேளுங்க. அவக்கு மேல மாமி இரிக்கா. எனக்குப் பிரதி போட வேணாம்."