கவிழ்க்காத வாளி

அவருக்கு வாய்ப்பூட்டு என்று பட்டப்பெயர். வைத்தவர்கள் ஒன்றும் தெரியாமல் வைக்கவில்லை. அண்ணன் தம்பி இருவரில் மூத்தவர். அக்கம்பக்கத்தாரிடம் அளந்து பேசுவார், மாடு கன்றுகளிடம் அளக்காமல் பேசுவார். அடுத்த வாசலில் குடியிருக்கும் கூடப்பிறந்த தம்பியிடம் மட்டும் வருடக்கணக்காக ஒரு சொல் கிடையாது.

காரணம் ஒரு காளைக்கன்று. தாயை இழந்த அதைத் தம்பிதான் புட்டிப்பால் கொடுத்துப் பிழைக்க வைத்தான். அந்த வருடம் மழை பொய்த்தது. கோழிகளை நோய் வாரிக்கொண்டு போனது. ஆடுகளுக்குத் தழை இல்லை. தம்பி கூலி வேலைக்கு வெளியூர் போயிருந்த சமயம், அண்ணன் கன்றைச் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றுவிட்டார். விற்றது தப்பு என்று அவருக்கு இன்றுவரை தோன்றியதில்லை. சொல்லாமல் விற்றது தப்பு என்பது அன்றைக்கே உறைத்தது. அதைச் சொல்லியிருந்தால் தீர்ந்துபோயிருக்கும். ஆனால் மூத்தவன் என்கிற நினைப்பு இருக்கிறதே, அது தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது.

வீட்டுக்கு நடுவே சுவர் எழும்பியது. பின்கட்டு மாட்டுக் கொட்டகைக்கு எழும்பவில்லை. செவலைப் பசு ஒன்றுதானே, அதற்கு நடுவில் எங்கே சுவர் வைப்பது? காலைக் கறவையும் தீனியும் அண்ணனுக்கு, மாலையில் தம்பிக்கு என்று ஏற்பாடானது. பேசாதவர்கள் கொட்டகை நடத்த ஒரு வழியும் தானாகவே அமைந்தது. தீனி வைத்தவர் வாளியைக் கழுவித் தூண் ஓரமாகக் கவிழ்த்துவிட வேண்டும். கவிழ்ந்திருந்தால் பசு அந்த வேளைக்குத் தின்றுவிட்டது, நிமிர்ந்திருந்தால் இன்னும் தின்னவில்லை. வேளை மாறும்போது வாளி மறுபடி நிமிரும். யார் சொல்லி வந்த பழக்கம் என்று இருவருக்கும் தெரியாது. அந்தத் தகர வாளிதான் அவர்களுக்குள் மிச்சமிருந்த பேச்சு.

அப்படியும் நல்ல காலம் வந்தது. மழை பெய்தது, புல் முளைத்தது, செவலை ஒரு பெண் கன்றை ஈன்றது. ஆனால் ஈன்ற பிறகு பசு இளைத்தது, விலா எலும்பை எண்ணலாம் போல ஆனது. மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "தானியத்தை வேகவெச்சுக் கொடுங்க. சாயங்காலம் ஒரு வேளை, அரை வாளி. அதுக்கு மேல வேண்டாம்" என்று சொல்லிப் போனார்.

சாயங்காலம் என்றால் அது தம்பியின் வேளை. அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. 'அவன் கைதான் தெரியுமே, எச்சில் கையால காக்கா ஓட்டாதவன்' என்று நினைத்துக்கொண்டார். மத்தியானம் தம்பி வீட்டில் இல்லாத நேரம் பார்த்து ஒரு வாளி நிறையத் தானியம் வேகவைத்துக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டினார். செவலை மூச்சுவிடாமல் தின்றது. வாளியைக் கழுவினார், கவிழ்க்கப் போனார், கை நின்றுவிட்டது. கவிழ்த்தால் தம்பிக்குத் தெரிந்துவிடும். அவன் வேளையில் தான் தலையிட்டது தெரியும். அதைவிட, அவருக்கு மனசு இளகியிருக்கிறது என்பதும் தெரியும். வாளியை நிமிர்த்தியே வைத்துவிட்டு வந்தார்.

பொழுது சாயும் முன் தம்பி வந்தான். வாளி நிமிர்ந்திருந்தது. பசுவோ எவ்வளவு தின்றாலும் பட்டினி கிடந்த முகத்தோடுதான் பார்க்கும். அண்ணன் காலையில் தவிட்டோடு நிறுத்தியிருப்பார், அவர் கை அப்படித்தான் என்று அவனும் நினைத்தான். அரை வாளி போதாதென்று அவனும் ஒரு வாளி நிறையக் கொட்டினான். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் அல்லவா, சந்தேகமும் ஒன்றுபோலவே இருந்தது.

விடிந்தபோது செவலை எழவில்லை. பல்லை நறநறவென்று கடித்தது. தட்டினால் வயிறு தண்ணீர்ப் பானை மாதிரி தளும்பியது. டாக்டர் ஓடிவந்தார்.

"என்ன கொடுத்தீங்க?"

"ஒரு வாளி தானியம் வெச்சேன்" என்றான் தம்பி, தரையைப் பார்த்து.

"ஒரு வாளிக்கு இவ்வளவு ஆகாதே. வேற யாராவது கொடுத்தீங்களா?"

அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டார். வாளியைப் பார்த்தார். "நானும் ஒரு வாளி வெச்சேன். மத்தியானமே" என்றார். டாக்டரிடம்தான் சொன்னார். ஆனால் தம்பி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். கோபம் இல்லை.

டாக்டர் குழாய் விட்டார், மருந்து ஊற்றினார், ஊசி போட்டார். எதற்கும் நோய் கேட்கவில்லை. உச்சிப் பொழுதில் செவலை கழுத்தை நீட்டி உயிரை விட்டது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் கயிறு பிடித்து இழுத்துப் போய், தோட்டத்து மூலையில் குழி வெட்டிப் புதைத்தார்கள். மண்வெட்டி கைமாறியது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த அண்ணன் சோற்றில் கை வைக்காமல் எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை கன்று கத்திய கத்தலில் இரண்டு வீடும் விழித்தது. எதிர்வீட்டுக்காரி தன் பசுவின் பாலில் கொஞ்சம் கொடுத்தாள். அண்ணன் பரணிலிருந்து ஒரு பழைய புட்டியைத் தேடி எடுத்தார். காளைக்கன்றுக்குத் தம்பி கொடுத்த அதே புட்டி. கன்று முட்டி முட்டிக் குடித்தது. குடித்து முடித்து அவர் விரலைச் சப்பிக்கொண்டிருந்தபோது, தம்பி ஒரு சொம்புப் பாலோடு கொட்டகைக்குள் வந்து நின்றான். அவன் கண், பழக்க தோஷத்தில், தூண் ஓரம் வாளியைத் தேடியது. வாளி அங்கே இல்லை. அண்ணன் அதைக் குழியிலேயே போட்டு மூடியிருந்தார்.

அண்ணனின் உதடு அசைந்தது.

"நான் கொடுத்துட்டேன்டா. நீ மறுபடியும் கொடுத்துடாதே."

"சரிண்ணே" என்றான் தம்பி.

இவ்வளவுதான் பேச்சு. முந்தாநாள் இதில் பாதியைச் சொல்லியிருந்தாலும் கன்றுக்குத் தாய் இருந்திருக்கும். அது இருவருக்கும் தெரிந்தது. தம்பி சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கன்றுக்கு மறுபக்கம் உட்கார்ந்து அதன் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

"சாயங்காலம் நான் கொடுக்கறேன்" என்றான்.

"கொடுத்துட்டுச் சொல்லு" என்றார் அண்ணன்.