ஆங்கிலத் துறை ஜன்னலில் நான் சொன்ன பதில்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருஷம், பம்பாயில் ஒரு கல்லூரியின் ஆங்கிலத் துறையில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. எங்கள் வீடு, தமிழ்ப் பிராமணக் குடும்பங்கள் நிறைந்த மாட்டுங்காவில். காலேஜில் இரண்டு வருஷ இன்டர் பாஸ் பண்ணியதும் மேலே ஆங்கிலம் படிக்க ஆசைப்பட்டேன். அப்பாவுக்கு ரிடையர் ஆகும் வயது, எனக்குக் கீழே மூன்று பேர். "படிச்ச வரைக்கும் போறும், ஷார்ட்ஹேண்ட் கத்துக்கோ" என்றார். நான் படிக்க நினைத்த துறைக்கே மற்றவர்களுடைய கேள்வித்தாள்களை டைப் அடிக்க வந்து சேர்ந்தேன்.

என் மேஜை வராந்தா ஜன்னலை ஒட்டி இருந்தது. பேராசிரியர்களிடம் கேட்கப் பயந்ததையெல்லாம் மாணவர்கள் அந்த ஜன்னலில் வந்து என்னிடம் கேட்டார்கள். நாடகப் பாடம் யார் எடுக்கிறார்கள், கட்டுரையை எந்த அறையில் கொடுக்க வேண்டும், வருகை குறைந்துவிட்டால் யாரைப் பார்ப்பது. முதலில் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து சொன்னேன். பிறகு அது தேவைப்படவில்லை. ஆங்கிலத் துறையைப் பற்றி எது வேண்டுமானாலும் அந்த மதராஸிப் பெண்ணைக் கேள் என்று பேர் வந்துவிட்டது. அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது.

நான் தமிழ் பேசுவது காதில் விழுந்து ஒரு நாள் ஒரு பெண் ஜன்னலருகே வந்து நின்றாள். இன்டர் இரண்டாம் வருஷம் படிக்கிறவள். ஒல்லியாக, எண்ணெய் வழியத் தலைவாரி, புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க தமிழா? எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். தாராவியில இருக்கோம். எங்கய்யா தோல் ஷெட்டுல மேஸ்திரி."

அதற்குப் பிறகு வாரம் ஒரு முறையாவது வருவாள். அவள் கேட்பது மற்றவர்கள் கேட்பதைப்போல இருக்காது. வகுப்பில் ஒரு கவிதையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள், மீதி எந்தப் புத்தகத்தில் இருக்கும் என்பாள். லைப்ரரி அலமாரியைப் பெண்கள் தாங்களே திறந்து பார்க்கலாமா என்பாள். சில கேள்விக்குப் பதில் தேடப் போய் நானே அரை மணி நேரம் நின்று படித்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஜூன் மாதம், இன்டர் ரிசல்ட் வந்த வாரம், நல்ல மழையில் நனைந்துகொண்டு வந்தாள்.

"அக்கா, பி.ஏ. இங்கிலீசு ஆனர்ஸுல சேர அந்தப் பாடத்துல அம்பது மார்க் வேணும்னு போர்டுல போட்டிருக்கு. எனக்கு நாப்பத்தேழுதான். ஏதும் வழி இருக்கா?"

"அம்பதுன்னா அம்பதுதான். எகனாமிக்ஸ்ல இடம் இருக்கு, அதை எடுத்துக்கோ" என்றேன்.

கொஞ்ச நேரம் போகாமல் நின்றாள். "கட்டாயமா வழி இல்லையாக்கா?"

"இல்லை."

"சரிக்கா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வழி இருந்தது. துறைத் தலைவர் நேரில் கூப்பிட்டுப் பேசிப் பார்த்து, திருப்தியானால் சேர்த்துக்கொள்ளலாம். முந்தின வருஷம் ஒரு வக்கீலின் பிள்ளைக்கு அவளைவிடக் குறைந்த மார்க்குக்கு அப்படி இடம் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை டைப் அடித்தவளே நான்தான்.

ஏன் சொல்லவில்லை? அன்றைக்கு வேலை மலைபோல் இருந்தது, மறந்துவிட்டது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. கான்வென்டில் படித்துவிட்டு வரும் பெண்களுக்கு நடுவே இவள் போய்த் திணறுவாள், அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று அந்த நிமிஷத்தில் நினைத்தேன். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. மாட்டுங்காவிலிருந்த எனக்குக் கிடைக்காதது தாராவிக்காரிக்கு எதற்கு என்பது அது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

மூன்று வாரம் கழித்துத் துறைத் தலைவர் என் மேஜைக்கு வந்தார். வயதான பார்சிக்காரர், குரல் உயர்த்திப் பேசமாட்டார்.

"அந்தத் தாராவிப் பெண்ணின் விண்ணப்பத்தைக் காணோமே? வகுப்பிலேயே சொந்தமாக யோசித்துக் கட்டுரை எழுதுகிறவள் அவள் ஒருத்திதான். மார்க் குறைந்தால் என்ன, நான் கூப்பிட்டுப் பேசியிருப்பேன். உன்னிடம் வந்து கேட்கவில்லையா?"

"கேட்கவில்லை ஸார்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கோவிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தாராவிக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போனதில்லை. சேறும் தோல் வாடையுமாக இருந்த சந்துகளில் அவள் அப்பா வேலை செய்யும் ஷெட்டைச் சொல்லி விசாரித்ததும் நாலைந்து பேர் கூடவே வந்து வீட்டைக் காட்டினார்கள்.

அவளுடைய அம்மா என் புடவையையும் முகத்தையும் பார்த்துப் பதறிப்போனாள். நான் யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்தது.

"நீங்கதானா அது! ஆபீசுல ஒரு அக்கா இருக்காவ, எது கேட்டாலும் சொல்லுவாவன்னு ஓயாம சொல்லுவாளே. உள்ள வாங்கம்மா."

"அவ இல்லையா?"

"ஊருக்குல்லா போயிட்டா. போன வியாழக்கிழமை இங்கனயே கல்யாணம் முடிஞ்சு மாப்பிள்ளை கூட்டிட்டுப் போயிட்டாரு. இங்கிலீசு இல்லேன்னுட்டாவன்னு ரெண்டு நாளு சோறு திங்காம கிடந்தா. அவ அய்யாவும் பாத்தாரு. கேட்டதே கிடைக்கலைன்னா பொட்டப்பிள்ளைக்குப் பொறவு என்னத்துக்குக் காலேஜுன்னு, வந்த மாப்பிள்ளைக்குச் சரின்னுட்டாரு."

அந்த அம்மாள் அடுப்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "காப்பி போட்டா நீங்க குடிப்பீயளா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கொடுங்கோ" என்றேன். குடித்தேன். அவள் எதிரே உட்கார்ந்து நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊர் விலாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பெண்ணுக்குக் கடிதம் எழுதினேன். வழி இருந்தது, எனக்குத் தெரிந்தும் சொல்லவில்லை என்று ஒளிக்காமல் எழுதினேன். ஒன்றரை மாதம் கழித்து ஒரு கார்டு வந்தது.

"அக்கா, நீங்கள் மனம் வருந்த வேண்டாம். அன்றைக்கு இடம் கிடைத்திருந்தாலும் வீட்டில் விட்டிருப்பார்களோ என்னவோ. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கல்லூரிக்குப் போகாமல் வீட்டிலிருந்தபடி இங்கிலீஷ் பி.ஏ. எழுத மெட்ராஸில் வழி உண்டா? உண்டென்றால் என்ன என்ன புத்தகம் படிக்க வேண்டும்?"

கார்டை எடுத்துக்கொண்டு நேராகத் துறைத் தலைவரிடம் போய் நின்றேன். நான் செய்ததைச் சொன்னேன், அவரிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். திட்டுவார், வேலையை விட்டு நிறுத்துவார் என்றுதான் நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "கார்டில் என்ன கேட்டிருக்கிறாள், படி" என்றார்.

அவரே மெட்ராஸுக்கு எழுதிக் கேட்டார். பெண்கள் வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதலாம் என்று பதில் வந்தது. விதிகளை ஒரு எழுத்து விடாமல் டைப் அடித்தேன். எந்தப் புத்தகத்தை முதலில் படிக்க வேண்டும், எதைப் படிக்காமல் விட்டாலும் பரவாயில்லை என்று அவர் சொல்லச் சொல்ல அதையும் அடித்தேன். நாலு பக்கம் வந்தது. ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன்.

பதில் இல்லை, அந்தத் தபால் திரும்பியும் வரவில்லை. இரண்டு மாதம் பொறுத்து மறுபடி எழுதினேன். அந்தக் கடிதம், ஆள் இல்லை என்று எழுதித் திரும்பி வந்தது. திரும்பத் தாராவிக்குப் போனபோது அவளுடைய அம்மா, "மாப்பிள்ளைக்குக் கொழும்புல சோலி. ரெண்டு பேரும் கப்பலேறிட்டாவ" என்றாள். கொழும்பு விலாசம் அவளிடம் இல்லை. அவர்களே எழுதினால்தான் உண்டு என்றாள்.

நான் அந்தத் துறையில் இன்னும் ஆறு வருஷம் இருந்தேன். யார் வந்து என்ன கேட்டாலும் எழுந்து உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்துதான் சொல்லுவேன், எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயமாக இருந்தாலும். இவளிடம் கேட்டால் ஒரு மணி நேரம் ஆகும் என்று பையன்கள் என் காதுபடவே சொல்லிச் சிரிப்பார்கள். அந்த நாலு பக்கம் அவள் கைக்குப் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்திருந்தால் படித்தாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.