அறுபத்து நாலாவது நாள்

அந்தப் பல்லை அறுத்தவன் நான்தான். டாக்டரின் மகள் பத்து வயதில் காய்ச்சலில் செத்துப்போனாள்; அவளுடைய கடைவாய்ப் பால் பல் அது. விழுந்த பல்லைக் கூரைமேல் எறியச் சொல்லி டாக்டரின் மாமியார் கத்தியும், அவர் எறியாமல் மாத்திரை டப்பாவில் வைத்திருந்தார். “மெல்லிசா அறுங்க, அண்ணே. யாருகிட்டயும் சொல்லாதீங்க லா” என்று நீட்டினார்.

பெர்மாஸ் ஜெயாவில் பொய்ப்பல் செய்துகொண்டிருந்தவன் நான். பிறகு, கல்லாகிப்போன குரங்குப் பற்களை டாக்டருடைய ஆய்வுக்கூடத்தில் அறுத்தேன். பல் உருவாகும்போது நாளுக்கு ஒரு கோடு விழும். பிறந்த அன்று அழுத்தமாக ஒன்று. நோயோ பசியோ வந்தால் கறுப்பாக இன்னொன்று. அவற்றை எண்ணித்தான், அந்தக் காலத்துக் குட்டிகள் நம் பிள்ளைகளைவிட வேகமாக வளர்ந்ததை டாக்டர் கண்டுபிடிப்பார். “இதுங்களுக்கு அவசரம், அண்ணே. நம்ம புள்ளைங்க சோம்பேறிங்க. நிரந்தரக் கடவாப்பல்லு முளைக்கவே ஆறு வயசாகுது” என்று சிரிப்பார்.

மகள் போனபின் அந்தச் சிரிப்பு இல்லை. அந்தப் பிள்ளை பிறந்து அறுபது நாள் ஆனதும் பேறுகால விடுப்பு முடிந்து, கெலாங் பாத்தாவில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஓர் அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவர் அவர். “குரங்குப் பல்லை எண்ணத் தெரிஞ்சவளுக்குப் பெத்த புள்ளையப் பாக்கத் தெரியல” என்று மாமியார் சாவு வீட்டிலேயே சொன்னார். அந்த வாயில் ஓர் அறை விடலாம் போலிருந்தது எனக்கு. டாக்டருக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும்: தான் விட்டுவிட்டுப் போன நாட்களில் பிள்ளை வாடியதா?

அறுத்தேன், தேய்த்தேன், கண்ணாடித் துண்டில் ஒட்டி மைக்ராஸ்கோப்பில் எண்ணினேன்.

“சொல்லுங்க, அண்ணே.”

“அறுபத்து நாலாவது நாள். கறுப்பா ஒண்ணு இருக்கு.”

எனக்கு மழுப்பத் தெரியாது. அதில் ஒரு திமிர்கூட உண்டு. அவரும் குனிந்து இரண்டு முறை எண்ணினார். “நான் வேலைக்கு வந்த நாலாவது நாள்” என்றார். பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அதன்பிறகு வரவேயில்லை.

இப்போது அவர் மேசையில் வேறொருவர். நான் இன்னும் அறுக்கிறேன். கறுப்புக் கோட்டைப் பார்த்தாலே என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது. கோடு எந்த நாள் என்று சொல்லும்; ஏன் என்று சொல்லாது. இரண்டாம் மாதம் எல்லாப் பிள்ளைக்கும் தடுப்பூசி போடுகிறார்கள். ஊசிக் காய்ச்சலாக இருக்கலாம். வெறும் சளியாக இருக்கலாம். அம்மா மடியிலேயே கிடந்திருந்தாலும் அந்தக் கோடு விழுந்திருக்கலாம். குரங்குப் பல்லாக இருந்தால் டாக்டரே முதல் ஆளாக இதைச் சொல்லியிருப்பார். அன்றைக்கு அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, அவர் படியிறங்கும்போதே. கூப்பிட்டிருக்கலாம். அந்தக் கண்ணாடித் துண்டைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.