பலகைக்குப் பின்னால் இஷ்பெல்

கடலோரச் சிற்றூரான கார்விக்கில் கோல்ஃப் சாம்பியன்ஷிப் நடந்தால் ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்க்கப் போவதில்லை, வேலை செய்யப் போவார்கள். சம்பளமில்லாத வேலை. கயிறு பிடிக்க, கார்களை நிறுத்திவைக்க, பந்தடிக்கும் நேரத்தில் கூட்டத்தைப் பார்த்து "உஷ்" என்று அட்டை தூக்க, எல்லாவற்றுக்கும் ஊரே அடித்துப்பிடித்துக்கொண்டு பேர் கொடுக்கும். பதிலுக்கு ஒரு நீல ஜாக்கெட், ஒரு தொப்பி, கசங்கிப்போன ரொட்டிப் பொட்டலம். போன தடவை வாங்கிய ஜாக்கெட்டை இன்னும் சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இங்கே உண்டு.

இஷ்பெல் கூர்லே என்பவளும் குளிர்காலத்திலேயே பேர் கொடுத்துவிட்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் காலம் பூராவும் உருளைக்கிழங்கு மசித்தவள். புருஷன் அபர்டீனுக்கு எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு குடித்தனம் போட்டுவிட்டான். மிச்சமிருந்தது மகன் ஸ்ட்ரூவன். அவன் கையில் சின்ன வயதிலேயே கோல்ஃப் மட்டையைக் கொடுத்தது புருஷன். அதற்கப்புறம் மழையிலும் காற்றிலும் காரோட்டிக்கொண்டு அலைந்தது இவள். ஸ்ட்ரூவன் ஆட்டமே தொழில் என்று போனான். தோற்றான். திரும்பி வந்தான். மறுபடி போனான். வயது முப்பத்து மூன்று. இன்னமும் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் ஈர ஷூவும் கோணிப்போன முகமுமாக அம்மா வீட்டுக்கே வந்து நிற்கிறான்.

ஆர்க்னி தீவில் இஷ்பெலின் தங்கை ஒரு விடுதி நடத்துகிறாள். "வந்துடேன் அக்கா, சமைக்க ஆளில்லாம திண்டாடறேன்" என்று வருஷம் தவறாமல் கூப்பிடுவாள். இவளும் வருஷம் தவறாமல் "பாக்கறேன்" என்பாள். மகன் ஒரு பக்கம் நிலையாக உட்காராமல் வீட்டை எப்படிப் பூட்டுவது?

சாம்பியன்ஷிப்புக்கு முந்தின வாரம் ஸ்ட்ரூவன் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னான்: "அம்மா, திங்கக்கிழமை தகுதி ஆட்டத்துல தேறலேன்னா இதோட விட்டுடறேன். தேறி உள்ள போயும், பாதிப் பேர வெளியேத்தற வெள்ளிக்கிழமை வெட்டுல போயிட்டா, அப்பவும் விட்டுடறேன். மாமாவோட தச்சுப் பட்டறைக்குப் போறேன். சத்தியமா."

திங்கட்கிழமை தேறிவிட்டான். தெருவே திரண்டு வந்து கதவைத் தட்டியது. இஷ்பெலும் கைதட்டினாள். கைதட்டும்போதே ஆர்க்னி இன்னும் தள்ளிப்போகிறது என்று ஒரு நினைப்பு. பெற்ற பிள்ளை ஜெயித்ததற்கு இப்படி ஒரு தாய்க்கு ஆகுமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் அந்த நினைப்பு விடவில்லை.

அவளுக்குக் கொடுத்திருந்த இடம் கடைசிக் குழிக்குப் பக்கத்தில் நிற்கும் பெரிய மஞ்சள் பலகை. மாடி உயரச் சாரம். முன்பக்கம் பார்த்தால் பேரும் எண்ணும் பளிச்சென்று தெரியும். பின்பக்கம் ஏணி, பலகைத் தட்டு, வண்ணப்பூச்சு நெடி, கடல்காற்றில் கிறீச்சிடும் ஆணிகள். உள்ளே இருப்பவர்களால் ஆட்டத்தையே பார்க்க முடியாது. எழுத்துத் தகடுகளையும் எண் தகடுகளையும் பின்னாலிருந்து செருக வேண்டியதுதான். ஒரு குழு ஆடி முடிக்கிறவரை கீழே இறங்கவும் கூடாது, ஒண்ணுக்கு முட்டினாலும்.

ஸ்ட்ரூவனுக்கு அதில் சந்தோஷம். "நீ கயித்துக்குப் பக்கத்துல நின்னா எனக்குக் கை நடுங்கும். பலகைக்குப் பின்னாடியே இரு, அதான் நல்லது."

கூட வேலை பார்த்தவர் ஆர்ச்சி பெட்ரி, ஓய்வு பெற்ற தபால்காரர். காதில் கருவி மாட்டிக்கொண்டு வருகிற எண்களைக் கூவுவார், இஷ்பெல் செருகுவாள். கீழ் வரிசை முழுக்க அவள் பொறுப்பு. அங்கேதான் வெட்டு எண்ணும் இருந்தது. கோல்ஃபில் அடி குறைந்தவன்தான் கெட்டிக்காரன். மைதானத்துக்கென்று விதித்த கணக்குக்கு மேல் எத்தனை அடி போனால் வெள்ளிக்கிழமை மாலையோடு மூட்டை கட்ட வேண்டும் என்பதைச் சொல்கிற எண் அது. மற்றவர்கள் ஆட ஆட அது ஏறும், இறங்கும்.

வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து அந்த எண் நாலிலேயே நின்றது. நாலு கூடுதல் வரை பிழைக்கலாம். ஸ்ட்ரூவன் கடைசிக் குழிக்கு வரும்போது அவனுக்கும் சரியாக நாலு.

"உன் பையன் அடிச்சுட்டான், புல்வெளி நடுவுல கெடக்கு பந்து," என்றார் ஆர்ச்சி. "தேறிட்டான் போ. இடது பக்கமா பத்திரமா தூக்கிப் போட்டு, ரெண்டு தட்டு தட்டி முடிச்சா போதும், நாலுலயே நிக்கலாம். அழாதம்மா, தகடு நனஞ்சிடும்."

"யாரு அழறா? வண்ணப்பூச்சு நெடி கண்ணக் கரிக்குது."

இஷ்பெல் ஆணி கழன்ற ஓட்டையில் கண்ணை வைத்தாள். தூரத்தில் ஒரு வெள்ளைச் சட்டை. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை, க்ரீன் என்பார்கள், அதற்கு முன்னால் ஓடை. குழியைக் காட்டும் கொடி ஓடைக்கு ஒட்டினாற்போல வலது ஓரத்தில். அதை நேராகக் குறிவைத்தால் ஒன்று குழிக்குப் பக்கத்தில் விழும், இல்லையென்றால் தண்ணீரில். ஸ்ட்ரூவன் பலகையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போது ஆர்ச்சியின் முகம் மாறியது. "அடக் கடவுளே. முன்னாடி போன ரெண்டு பேர் அடியக் குறைச்சுட்டாங்க. வெட்டு மூணு. இஷ்பெல், மூணு போடு! சீக்கிரம், அவன் அடிக்கப் போறான்!"

மூணாம் எண் தகடு அவள் கையிலேயே இருந்தது. செருக ஒரு மூச்சு நேரம் போதும். மூணைப் பார்த்தால் ஒரு அடி குறைத்தே ஆகவேண்டும் என்று அவன் கொடிக்குத்தான் அடிப்பான். சின்ன வயதிலிருந்தே அப்படி. பந்து குழிக்குப் பக்கத்தில் விழுந்தாலும் விழும். விழுந்தால் இன்னொரு வருஷம், அப்புறம் இன்னொரு வருஷம். நாலு அப்படியே நின்றால் இடது பக்கம் பத்திரமாகப் போடுவான், ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் வெளியேறிவிடுவான். தச்சுப் பட்டறை, அவனுக்கென்று ஒரு வீடு, ஒரு பெண். அவளுக்கு ஆர்க்னி. இதெல்லாம் யோசித்துத் தெளிந்து செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம். கை எழும்பவில்லை, அவ்வளவுதான்.

"இஷ்பெல்!"

"சிக்கிக்கிச்சு," என்றாள். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை.

ஆர்ச்சி திரும்பிப் பார்த்தார். தகடு அவள் மார்போடு அணைத்தபடி இருந்தது. பார்த்தார், திரும்பிக் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டார்.

வெளியே பந்தடித்த சத்தம், மரியாதைக்குக் கைதட்டல். பந்து இடது பக்கம், குழியிலிருந்து எங்கோ தொலைவில். அப்புறம்தான் அவள் தகட்டைச் செருகினாள். வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. கூட்டத்திலிருந்து "ஐயோ" என்று ஒரே மூச்சாக வந்தது. ஸ்ட்ரூவன் ஓடைப் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டான். அவ்வளவு தூரத்திலிருந்து உருட்டிய பந்து குழியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஏணியில் இறங்கும்போது ஆர்ச்சி மெல்லச் சொன்னார்: "ஈரத்துல பலக ஊதிப்போச்சு, சிக்கிக்கிச்சு. கேட்டா அப்படித்தான் சொல்வேன். நீயும் அதையே சொல்லு." அந்த நல்ல மனுஷனை அப்போது அவளால் ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கறி அடைத்த 'பை' பலகாரம் சுட்டு வைத்தாள். வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. ஸ்ட்ரூவன் உள்ளே வந்ததும் அழுவான், இல்லையென்றால் கதவை அறைந்து சாத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கண் பளபளவென்று இருந்தது.

"பலக சிக்கிக்கிச்சாமே? ஆர்ச்சி சொன்னாரு. கீழ் வரிச யாரும்மா பாத்தது?"

"நான்தான்டா."

"நீயா?" அவள் தோளைச் சுற்றிக் கைபோட்டான். "அப்ப நெஜமாவே சிக்கித்தான் இருக்கும். நீயே தள்ள முடியலேன்னா எந்தக் கொம்பனாலும் முடியாது. அழாதம்மா, உன் மேல தப்பில்ல."

"நீ பட்டறைக்கு..."

"அதத்தான் சொல்ல வந்தேன். கேளு. மூணுன்னு தெரிஞ்சு, கொடிக்கு அடிச்சு, தண்ணில விட்டிருந்தேன்னா இன்னிக்கே மட்டையெல்லாம் வித்திருப்பேன். சத்தியம்னா சத்தியம். ஆனா நான் தோக்கலயேம்மா! எனக்கு அடிக்கவே சான்ஸ் கெடைக்கல. அந்த அடி என் கையில இருந்துச்சு, கை அரிச்சுது, பலக நாலுன்னு சொன்னதால அடக்கிக்கிட்டேன். இப்படி ஒரு மரப்பலகையால போனதுக்கு விட்டுட்டா, சாகற வரைக்கும் தூக்கம் வருமா?" தட்டை இழுத்துவைத்துக்கொண்டு பலகாரத்தைப் பிய்த்தான். ரொம்ப நாளைக்கப்புறம் நன்றாகப் பசித்துச் சாப்பிட்டான். "இன்னும் ஒரு வருஷம். மாமாகிட்ட நீயே சொல்லிடு. உனக்குப் புரியும்னு தெரியும்."

உண்மையைச் சொன்னால் அவன் ஆட்டத்தை விட்டுவிடுவானா? விடமாட்டான். அவளைத்தான் விடுவான். வாயைத் திறந்தாலும் போச்சு, மூடினாலும் போச்சு. தானே இழுத்துச் சாத்திய கதவுக்கு உள்ளே தானே நிற்கிறோம் என்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

"சரிடா," என்றாள் இஷ்பெல். "ஒரு வருஷம்தானே."