மாமனாரின் பெயர் கொண்ட கிழவர்

தொண்ணூறுகளின் கடைசியில் மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் காலைச் சாப்பாட்டுத் தட்டுகள் கொடுக்கும் வேலை செய்தேன். மதியம் வரை நின்றபடிதான். எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. சாப்பாட்டு மண்டபத்தில் என் வரிசையில் இருந்தவர்கள் பாதி நித்திரையில் இருப்பார்கள். அது எனக்குத் தோதாக இருந்தது.

அடுத்த வரிசை, சிம்பாப்வேயிலிருந்து வந்த ஒரு என்டெபெலே இனப் பெண்ணுடையது. என்னைச் ‘சிசி’ என்பாள். அவர்கள் மொழியில் அக்கா. அவளுக்கு அது சோதனை மாதம். நல்லபடி முடிந்தால்தான் வேலை நிலைக்கும்.

தட்டு அட்டையில் உள்ள பெயரை உரக்கச் சொல்லி, அந்தப் பெயருக்குரியவர் பதில் சொன்ன பிறகே தட்டைக் கொடுக்க வேண்டும். அவளுடைய வரிசையில் ஒரு கிழவருக்கு அவளுடைய மாமனாரின் பெயர். என்டெபெலே மருமகள் மாமனாரின் பெயரை வாயால் சொல்லமாட்டாள், அவர் எங்கோ ஊரில், புலவாயோவில் இருந்தாலும். பெரியவர்களின் முகத்தை நேரே பார்ப்பதும் அவர்களுக்கு மரியாதை இல்லை. அதனால் அந்தக் கிழவரின் தட்டைக் குனிந்தபடி வைத்துவிட்டு வருவாள்.

ஒருநாள் அந்தக் கதிரையில் வேறொருவர் இருந்தார். நீரிழிவுக்காரர். சீனி போட்ட கஞ்சியை முடித்த பிறகுதான் ஆள் மாறியது தெரிந்தது.

மேற்பார்வை செய்யும் பெண் கூப்பிட்டு, “ஏன் பெயரைச் சொல்லவில்லை?” என்று கேட்டார்.

“மறந்துவிட்டேன்,” என்றாள்.

மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும்; காரணத்தை முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள். அப்படியே விட்டால் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். துடைக்கிற துணியோடு நின்றேன். போய்விடலாம் போலத்தான் இருந்தது.

“அவ மறக்கேல்லை,” என்று என் அரைகுறை இங்கிலீசில் சொன்னேன். “அது அவவின்ர மாமாவின்ர பெயர். அவையள் சொல்லமாட்டினம். நானும் இருபது வருசமா என்ர மனுசன்ர பெயர் சொன்னதில்லை.”

“பிறகு அவரை எப்படிக் கூப்பிடுவாய்?”

“‘இஞ்சேருங்கோ’ எண்டு.”

“அப்படியென்றால்?”

“இங்க கேளுங்கோ எண்டு அர்த்தம்.”

“அவர் கேட்பாரா?”

“இல்லை.”

மேற்பார்வைப் பெண் சிரிக்கவில்லை. “இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்,” என்று அவளிடம் சொல்லிவிட்டு, எங்கள் வரிசைகளை மாற்றினார். அவளுக்கு வேலை தங்கியது. முழங்காலை மடித்து, இரு கைகளையும் மெதுவாகத் தட்டி, அவர்கள் முறையில் எனக்கு நன்றி சொன்னாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

இப்போது எனக்கு வந்த அவளுடைய வரிசையில் எல்லோரும் விழித்திருந்தார்கள். அந்தக் கிழவர் தன் பெயரைக் கேட்டால் பதிலோடு விடமாட்டார். இரவு நித்திரை வராத கதையை முழுவதும் சொல்வார். ஒவ்வொரு காலையும் உளையும் காலோடு நின்று கேட்டேன்.