மூன்று நாள் வைத்துப் பார்த்த கல்

“இந்த வைரம் எங்களுக்கு ஒத்துவரேல்லை, முதலாளி. கல்லு வீட்டுக்கு வந்த அண்டைக்கே பசு செத்துப்போச்சு. கலியாணத்தையும் நிப்பாட்டுவம் எண்டு யோசிக்கிறம்.”

கலியாணப் பெண்ணோடு கடைக்கு வந்த அண்ணன் இப்படிச் சொன்னபோது நான் பலகை மறைப்புக்குப் பின்னால் கல் பதித்துக்கொண்டிருந்தேன். கிளிநொச்சியில் அந்த நகைக்கடையில் பதினாறு வருடம் அங்கேதான் இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆட்களோடு கதைக்கக் கூச்சம். சில நாட்களில் முதலாளிக்குச் சொன்ன “ஓம்” தவிர வேறு ஒரு சொல்லும் பேசியிருக்க மாட்டேன்.

வைர மூக்குத்தி செய்வதற்கு முன் கல்லை மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கெட்டது நடந்தால் திருப்பித் தந்துவிடுவார்கள். உருத்திரபுரத்தில் தையல் வேலை செய்யும் இந்தப் பெண்ணுக்கு முப்பத்தொன்பது வயதில்தான் கலியாணம் பொருந்தியிருந்தது. வைரம் மாப்பிள்ளையின் விருப்பம்.

ஆனால் அவர்கள் கொண்டுபோனது வைரமே இல்லை.

“உண்மைக் கல்லுத் துலைஞ்சா ஆர் பொறுப்பு? அதே அளவில ஒரு அமெரிக்கன் டயமண்டைத் தாளில மடிச்சுக் குடு. பிடிச்சிருக்கெண்டு வந்தா மாத்துவம்” என்று முதலாளி சொல்லியிருந்தார். விளிம்பு கூரான, துளி நிறமும் இல்லாத செயற்கைக் கல் ஒன்றை நான்தான் தேடி எடுத்தேன். வைரத்தைவிடப் பாரம் கூட. அந்தச் சின்ன அளவில் கைக்குத் தெரியாது.

“கடவுள் காட்டிட்டார்” என்று முதலாளி கல்லை வாங்கி வைத்தார். அவர்கள் போய்விட்டார்கள். நான் பின்கதவால் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். பெண்ணும் அண்ணனும் அங்கே பஸ்ஸுக்கு நின்றார்கள்.

“தங்கச்சி, அது வைரமில்லை.”

“என்ன விசர்க் கதை கதைக்கிறீர்?” என்று அண்ணன் பாய்ந்தார். நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னேன்.

அந்தப் பெண் என்னையே பார்த்தார். “அப்ப பசு ஏன் செத்தது?”

“அது எனக்குத் தெரியாது.”

அவர் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மூண்டு நாளா நான் நித்திரை கொள்ளேல்லை, அண்ணை. அந்தக் கல்லு எத்தினை வருசம் கிடக்கும்?”

“ஏழெட்டு வருசத்தில விளிம்பு தேயும். கண்ணாடிக்கல்லெண்டா அதுக்கு முதலே கீறுப்பட்டுப் போயிடும்.”

“அவ்வளவு காலம் காணும். அதையே பதிச்சுத் தாங்கோ.”

“மாப்பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லுறது?” என்றார் அண்ணன்.

“உள்ளதைச் சொல்லுவம்.”

அடுத்த நாள் அந்தப் பெண் கடைக்கு வந்து, அமெரிக்கன் டயமண்ட் மூக்குத்தி என்று பெயர் சொல்லியே கேட்டார். முதலாளி என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த மூக்குத்திதான் அந்தக் கடையில் நான் செய்த கடைசி வேலை.

இப்போது விசுவமடுவில் ஒரு அறையில் தனியே வேலை செய்கிறேன். முழு நாளும் அரத்தின் சத்தம் மட்டும் கேட்கும் நாட்களும் உண்டு. வருபவர்களிடம் முதலில் கல்லின் பெயரைச் சொல்வேன். சிலர் முகம் சுருங்கி எழும்பிப் போய்விடுவார்கள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். போலிக்கல் விற்பதில் குற்றமில்லை. பெயர் சொல்லாமல் அதைத் தாளில் மடித்துக் கொடுக்காதீர்கள். அதை நம்பி ஒரு வீட்டில் என்ன முடிவு எடுப்பார்கள் என்று நமக்குத் தெரியாது.